கரிமையில் பாட்டியின் படம்

பாட்டி தோட்டத்தில் பால் வாளியோடு நிற்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கடையில் கொடுத்து அச்சிட்டோம். சுவரில் மாட்டிய சில ஆண்டுகளிலேயே பாட்டியின் முகம் செம்மை ஏறி மங்கிவிட்டது. காரணம், சாம்பல் நிறத்தையும் அங்கே வண்ணச் சாய மைகளைக் கலந்தே உண்டாக்கினார்கள். ஒரு சாயம் முந்தி வெளிறினால் படமே நிறம் மாறிவிடும்.

கரிமைக்கு இந்தக் குறை இல்லை. கரித்துகள் வெளிச்சத்தில் எளிதில் வெளிறாது. ஏட்டில் கீறிய எழுத்து தெரிய நம் முன்னோர் தடவியதும் கரிதானே! ஒரே கறுப்பு மையைப் பல அளவுகளில் நீர்க்கச் செய்து, வண்ண மைகளுக்குப் பதிலாக அச்சுப்பொறியில் நிரப்ப வேண்டும்; அதற்கேற்ற மென்பொருளும் தேவை. வெறும் தண்ணீர் ஊற்றினால் கெட்டது. காய்ச்சி வடித்த நீரோடு கிளிசரின் முதலியன சேர்ந்தால்தான் மை முனையில் காயாமல் இருக்கும். துகள் அடியில் தங்கும், குலுக்க வேண்டும். ஆனால், கன்னத்து நிழல் புள்ளி தெரியாமல் விழும் அழகே தனி. (என் விரல்கள் ஒரு வாரம் கறுத்துக் கிடந்தன. அம்மாவின் ஏச்சு தனிக்கதை.)

“கைப்பேசியில்தான் படம் இருக்கிறதே” என்கிறார்கள் நண்பர்கள். கைப்பேசி மாற்றியபோது எத்தனை படங்கள் தொலைந்தன என்பதையும் அவர்களே சொல்லட்டும். லயங்கள் இடிந்துபோன பிறகு பலர் வீட்டில் தோட்டத்து வாழ்க்கைக்கு மிஞ்சிய சாட்சி இப்படங்களே. நம் கழகம் விருந்துச் செலவில் கொஞ்சம் குறைத்து ஒரு பழைய அச்சுப்பொறி வாங்கட்டும். மை கலக்க நான் வருகிறேன்.