எர்த் எங்கே சார்?

இடி இடித்தால் என்ன செய்கிறீர்கள்? ஓடிப்போய் டி.வி. பிளக்கைப் பிடுங்குகிறீர்கள். 'அப்பாடா, டி.வி. தப்பிச்சுது' என்று உட்கார்ந்துவிடுகிறீர்கள். மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து இறங்கி வரும் கேபிள் மட்டும் செட்டாப் பாக்ஸின் முதுகில் அப்படியே செருகியிருக்கிறது. வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்துபோட்ட கதை!

ஒருமுறை மாடி ஏறிப் பாருங்கள். கைப்பிடிச் சுவரில் போல்ட் அடித்த ஓர் இரும்புக் குழாய், அதன்மேல் டிஷ். வீட்டுக்குள் போக கேபிள் இருக்கிறது. பூமிக்குப் போக ஒயர்? பெரும்பாலும் இருக்காது. 80-களில் ரூபவாகினிக்காகத் தென்னை மர உயரத்துக்கு ஆன்டெனா நட்டபோதும் இதே லட்சணம்தான்.

அந்தக் குழாயில்தான் துணி காயப்போடும் கம்பியையும் கட்டியிருப்பீர்கள். பக்கத்தில் தொங்கும் கரன்ட் ஒயர் உரசி அதில் மின்சாரம் பாய்ந்தால்? ஈரத்துணியோடு முதலில் கை வைப்பது உங்கள் வீட்டுப் பெண்கள். எர்த் ஒழுங்காக இருந்தால் கீழே ஃப்யூஸ் போகும், அல்லது டிரிப்பர் விழும். இல்லாவிட்டால் உயிர் போகும்.

'எர்த் போட்டா இடியைக் கூப்பிடும் சார்' என்பார் எலெக்ட்ரீஷியன். சுத்த அபத்தம். இடி உங்களைக் கேட்டுக்கொண்டா விழுகிறது? பக்கத்துத் தென்னையில் விழுந்தாலே உங்கள் கேபிளில் அதிர்ச்சி மின்சாரம் கிளம்பும். அது மண்ணுக்குப் போக நேர்வழி வேண்டும். இன்னொருத்தர் தனியாக ஒரு கம்பியை மண்ணில் அடித்து, 'முடிஞ்சுது' என்பார். அதை வீட்டின் மெயின் எர்த்தோடு இணைக்காவிட்டால் ஆபத்து. மின்னல் சமயத்தில் இரண்டு எர்த்துக்கும் வோல்டேஜ் வித்தியாசம் வரும். அந்த மின்சாரம் உங்கள் டி.வி. வழியாகத்தான் ஓடும். தண்ணீர்க் குழாயிலோ நியூட்ரலிலோ கட்டுவது அதைவிட மோசம்.

ஐ.இ.சி. 60728-11 என்ற சர்வதேசத் தரநிலை, குழாயிலிருந்து 16 சதுர மி.மீ. செம்பு ஒயர் இறக்கச் சொல்கிறது. கேபிளின் வெளிவலையையும் அதோடு இணைக்க வேண்டும். ராக்கெட் விஞ்ஞானமா இது?

மாட்ட வரும் பையனைத் திட்டாதீர்கள். கம்பெனி அந்த ஒயரைக் கொடுத்தனுப்பினால்தானே அவர் மாட்டுவார்? 'எத்தனை சேனல், எத்தனை மாசம் ஃப்ரீ' என்று அரைமணி நேரம் பேரம் பேசுகிற நாமும் கேட்பதில்லையே! அபார்ட்மென்ட்காரர்களுக்கு ஒரு கேள்வி: உங்கள் எர்த் பிட் எங்கே? கார் பார்க்கிங் டைல்ஸுக்கடியில் சமாதியாகிவிட்டதா?

எர்த் போட்டாலும் நேரடி இடிக்கு முழு உத்தரவாதம் கிடையாது. அதனால் மழை வருமுன்பே பிளக், கேபிள் இரண்டையும் கழற்றுங்கள். இடிக்க ஆரம்பித்தபின் இரண்டையும் தொடாதீர்கள்.

அடுத்த முறை 'வேலை முடிஞ்சுது, கையெழுத்துப் போடுங்க' என்று பேப்பரை நீட்டினால், பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேளுங்கள்: 'எர்த் எங்கே?'