பதினோராம் பொருத்தம்

திருமணம் இருவர் கூடி வாழும் வாழ்க்கைக்குத் தோற்றுவாய். இனிப் பிறக்கவிருக்கும் ஒரு தலைமுறைக்கும் அதுவே தோற்றுவாய். ஆதலின், நம் முன்னோர் மணம் பேசுங்கால் பலவும் ஆராய்ந்தனர். குடி வினவினர், குணம் வினவினர், சாதகம் பார்ப்போர் பத்துப் பொருத்தம் பார்த்தனர். நீலகிரியில் வாழும் இருளர், ஒரே குலத்துப் பிறந்தார் தம்முள் மணம் கொள்ளாமையை நெறியாகப் போற்றி வருகின்றனர். ஆயினும், இவ்வாராய்ச்சிகளுள் எதற்கும் புலப்படாத பொருள் ஒன்று உண்டு. அது நம் குருதியினுள் மறைந்து நிற்பது. அதனை இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்துகொள்ளுதல் வேண்டும் என்பதும், அவ்வறிவு மணப்பேச்சுத் தொடங்குவதற்கு முன்னரே வாய்த்தல் வேண்டும் என்பதும் என் கருத்தாகும்.

குருதிக்குச் செந்நிறம் தருவன சிவப்பணுக்கள். அவை வட்டத் தட்டுப் போன்ற வடிவின; மென்மையானவை; மயிரினும் நுண்ணிய குழாய்களில் வளைந்து நெளிந்து செல்லவல்லவை. அவற்றினுள் உள்ள ஹீமோகுளோபின் என்னும் பொருளே உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்கின்றது. அப்பொருளின் ஒரு பகுதி, 146 அமினோ அமிலங்கள் மணிமாலைபோல் கோக்கப்பெற்று அமைந்தது. அம்மாலையின் ஆறாவது மணி ஒன்று மட்டும் வேறாக அமைந்துவிடின், பெருங்கேடு விளைகின்றது. உயிர்வளியை இறக்கிய பின் அப்பொருள் ஒன்றோடொன்று ஒட்டிக் கோல்போல் நீள்கின்றது; அணுவும் கதிரறுக்கும் அரிவாள்போல் வளைந்து விறைத்துப் போகின்றது. விறைத்த அணுக்கள் நுண்குழாய்களை அடைக்கின்றன. அதனால் பொறுத்தற்கரிய வலி தோன்றுகின்றது. ஏறத்தாழ 120 நாள் வாழவேண்டிய அணு, 10 முதல் 20 நாளுக்குள் சிதைந்தொழிகின்றது. அதனால் சோகையும் களைப்பும் உண்டாகின்றன. கண்கள் மஞ்சள் பூக்கின்றன. தொற்றுநோய்கள் எளிதிற் பற்றுகின்றன. இதுவே அரிவாளணுச் சோகை. மருத்துவமனைகளில் இதனைச் சிக்கிள் செல் நோய் என்றும் வழங்குவர்.

1910ஆம் ஆண்டில் சிகாகோ நகரத்து மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் இவ்வரிவாள் வடிவ அணுக்களை முதன்முதல் விளக்கி எழுதினார். இந்நோயின் வேர் ஹீமோகுளோபினின் அமைப்பிலேயே உள்ளது என்பதை 1949இல் லைனஸ் பாலிங்கும் அவர்தம் குழுவினரும் நிறுவினர். இஃது எங்கோ கடல் கடந்த நாட்டுச் செய்தி என்று எண்ணற்க. 1952ஆம் ஆண்டில் லேமன், கட்புஷ் என்னும் அறிஞர் இருவர் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடையே இக்கூறு இருத்தலைக் கண்டு உலகிற்கு அறிவித்தனர். இந்திய நாட்டில் இது முதன்முதல் அறியப்பட்ட இடங்களுள் நம் மலையும் ஒன்று. பின்னர்க் குசராத்து, மகாராட்டிரம், மத்தியப் பிரதேசம், சத்தீசுகர், ஒடிசா முதலிய பகுதிகளிலும் இது மிகுதியாகக் காணப்பட்டது.

இனி, இது தலைமுறை தோறும் வரும் வழியை நோக்குவோம். ஹீமோகுளோபின் அமைப்பிற்குரிய மரபுக்கூற்றைத் தந்தையிடமிருந்து ஒன்றும் தாயிடமிருந்து ஒன்றுமாக நாம் பெறுகின்றோம். இரண்டும் மாறியிருப்பின் ஒருவர் நோயுடையார் ஆவார். ஒன்று மட்டும் மாறியிருப்பின் அவர் கூறுடையார், நோயுடையார் அல்லர். அவர் பிறரைப் போலவே உண்டு, உழைத்து, நெடுங்காலம் வாழ்வார். தம் குருதியில் இக்கூறு உள்ளது என்பதைச் சோதனையின்றி அவர் அறியவும் இயலாது. கூறுடையார் ஒருவர் கூறில்லாதாரை மணப்பின், பிறக்கும் மக்களுக்கு இந்நோய் வாராது. கூறுடையார் இருவர் மணப்பின், ஒவ்வொரு மகவிற்கும் நோயுண்டாதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. முதற் குழந்தை நோயுடன் பிறந்தமையால் அடுத்த மூன்றும் நலமாகப் பிறக்கும் என்று கருதுவது பிழை. அக்கணக்கு ஒவ்வொரு கருவிற்கும் புதிதாகவே தொடங்குகின்றது. சிறு குழுவினராகத் தம்முள்ளேயே மணந்துகொள்ளும் மக்களிடத்தும், நெருங்கிய உறவில் மணப்பாரிடத்தும் இருவரும் கூறுடையாராக அமையும் வாய்ப்பு மிகுதி.

நோயுற்ற மகவு பிறந்தால் தாயின்மேல் பழி சுமத்துவார் உளர். இருபாலும் மாறிய கூறு வந்து சேர்ந்தாலன்றி அரிவாளணுச் சோகை தோன்றாது என்பதை அறிந்தவர் அவ்வாறு பழித்தல் செய்யார். இக்கூறு உடைமை இழிவும் அன்று. மலேரியாக் காய்ச்சல் மிகுந்திருந்த நாடுகளில் கூறுடையார் அக்காய்ச்சலின் கொடுமைக்கு அத்துணை எளிதில் இரையாகவில்லை என்பதை 1954இல் அந்தோணி அலிசன் என்னும் மருத்துவ அறிஞர் விளக்கினார். எனவே, இது மூதாதையர் உயிர் காத்த கேடயம். அதனைப் பிறவி மாசு என்று ஏசுதல் அறியாமை.

‘சோதனை செய்தால் திருமணம் தடைப்படும், பெண்ணுக்குப் பழி வரும்’ என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் பொருளற்றது என்று யான் ஒதுக்க மாட்டேன். ஊரார் வாய் அத்தகையது. ஆயின், அவ்வச்சத்திற்குக் காரணம் சோதனை அன்று. சோதனை செய்யும் காலமே ஆகும். நாள் குறித்து, ஓலை போக்கி, உற்றார் கூடிய பின் வரும் முடிவு இடிபோல் விழும். அப்பொழுது அதனைக் கேட்டு நடக்கும் துணிவு எவர்க்கும் எளிதில் வாராது. சவூதி அரேபியாவின் பட்டறிவு இதற்குச் சான்று பகரும். அந்நாடு 2004ஆம் ஆண்டில் மணத்திற்கு முன் இச்சோதனையைக் கட்டாயமாக்கிற்று. முடிவு அறிந்தபின் மணப்பதும் விடுப்பதும் அவரவர் விருப்பிற்கே விடப்பட்டன. தொடக்கத்தில், இருவரும் கூறுடையார் என அறிந்த இணையருள் பெரும்பாலோர் திருமணத்தை நடத்தியே முடித்தனர். ஏற்பாடுகள் முற்றிய பின் பின்வாங்க அவர்களால் இயலவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல, இச்செய்தி மக்களிடையே பரவிய பின்னரே அந்நிலை மாறிற்று. காலத்தே பெற்ற அறிவே பயன் தரும் என்பது இதனால் விளங்கும்.

ஆதலின், இச்சோதனைக்கு உரிய காலம் கல்வி பயிலும் காலமே. விரல் நுனியில் ஒரு துளிக் குருதி எடுத்து முதற் சோதனை செய்வர். ஐயம் தோன்றின், மின்புலத்தால் ஹீமோகுளோபினைப் பிரித்தறியும் சோதனை முதலியவற்றால் உறுதி செய்வர். ஏ, பி, ஓ என்று குருதி வகை பார்ப்பது வேறு, இது வேறு. ஆண், பெண் இருபாலாரும் செய்துகொள்ளல் வேண்டும். பெண்ணை மட்டும் சோதித்தல் முறையன்று. தலசீமியா என்னும் மற்றொரு குருதிக் குறையின் கூறும் அரிவாளணுக் கூறும் ஒரு மகவிடத்துச் சேரினும் நோய் உண்டாகலாம். ஆகவே, இரண்டையும் ஆராய்தல் நன்று. 2023ஆம் ஆண்டு சூலை முதல் நாள் மத்தியப் பிரதேசத்துச் சாதோல் நகரில் இந்திய அரசு இந்நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தைத் தொடங்கிற்று. நோய் மிகுந்த பழங்குடிப் பகுதிகளில் 40 வயதிற்குட்பட்ட 7 கோடி மக்களைச் சோதிப்பதும், 2047ஆம் ஆண்டிற்குள் இந்நோயை ஒழிப்பதும் அதன் குறிக்கோள். சோதனையின் முடிவு அவரவர்க்கே உரிய உடைமை. அதனைப் பிறர் அறியக் கூறுதல் ஒருவர் மடலைத் திருடிப் படிப்பதை ஒத்த குற்றமாகும்.

கூறுடையார் இருவர் ஒருவரையொருவர் விரும்பின் யாது செய்வது? அவர்களை ஏசுதலும் விலக்குதலும் வேண்டா. மரபியல் அறிந்த மருத்துவரிடம் அறிவுரை பெற்று அவர்களே முடிவு செய்யட்டும். கருவுற்ற தொடக்கக் காலத்திலேயே சிசுவின் நிலையை அறியும் சோதனையும் இன்று உண்டு. நோயுடன் பிறந்தாரும் வாழத்தகாதவர் அல்லர். தக்க தடுப்பூசிகளாலும், பென்சிலினாலும், ஐட்ராக்சியூரியா என்னும் மருந்தாலும் அவர்தம் துன்பம் குறைகின்றது, வாழ்நாள் நீள்கின்றது. கடுங்குளிரும், நீர் வேட்கையும், மிகு களைப்பும் அவர்களுக்கு வலியைத் தூண்டும். உங்கள் வகுப்பில் அத்தகையார் இருப்பின், அவர் தண்ணீர் பருக எழுவதை எள்ளாதீர். விளையாட்டிடையே அமர்ந்து இளைப்பாறுவதைச் சோம்பல் என்னாதீர். நோயைத் தடுக்க விழைகின்றோம். நோயுற்றாரைத் தள்ள விழைகின்றோம் அல்லோம். இவ்விரண்டின் வேற்றுமையை மறந்தால், நம் அறிவு அருளற்ற அறிவாகிவிடும்.

மாணவர்களே! உங்கள் திருமணத்திற்கு இன்னும் பல்லாண்டுகள் உள்ளன. அக்காலமே உங்களுக்கு வாய்த்த நற்பேறு. இன்று அறிவீராயின், நாளை உங்கள் பெற்றோர் மணம் பேசுங்கால் தலைநிமிர்ந்து உண்மை உரைக்கலாம். பத்துப் பொருத்தம் பார்ப்பார் பார்க்கட்டும், பாராதார் விடட்டும். குருதியின் பொருத்தமாகிய இப்பதினோராம் பொருத்தத்தை மட்டும் எவரும் விடலாகாது. அது விண்மீன்களைக் கொண்டு கணிப்பதன்று. ஒரு துளிக் குருதியைக் கொண்டு அறிவது. இன்னும் பிறவாத குழந்தை தனக்காகப் பேச இயலாது. அதற்காகப் பேசவேண்டிய கடமை உங்களுடையது.