செய்தி மதகின் சாவி யார் கையில்?

ஏரி நிறைந்திருந்தும் கடைமடை வயல் காய்கிறதென்றால் காரணம் என்ன? மதகின் சாவி மேல்மடைக்காரர் கையில் இருப்பதுதான். திருவண்ணாமலை மாவட்டத்து விவசாயத் தொழிலாளிக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. இன்று செய்திக்கும் அதே கதிதான்.

ஆலையில் ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளி கைப்பேசியைத் திறக்கிறார். பேஸ்புக்கும் யூடியூபும் எதையெதையோ கொட்டுகின்றன. 2023-ல் செய்யாறு அருகே மேல்மாவில், சிப்காட் விரிவாக்கத்துக்கு நிலம் தர மறுத்துப் போராடிய விவசாயிகள் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. இப்படிப்பட்ட போராட்டத்தை விடாமல் எழுதுகிற ஒரு பக்கத்தை அவரே விரும்பித் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆனாலும் அது அவர் கண்ணில் படுமா என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. கம்பெனியின் கணக்கு தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கின் நோக்கம் என்ன? நம்மை நெடுநேரம் பிடித்து வைத்து விளம்பரம் காட்டுவது. நமது பொழுதே அவர்களது சரக்கு!

இதற்கு மாற்று இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் செய்தியோடை. ஆங்கிலத்தில் ஆர்.எஸ்.எஸ். என்பார்கள். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம்; நாகபுரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஒரு தளத்தில் புதிதாக எழுதப்படுவதன் தலைப்பு, தேதி, சுருக்கம், முகவரி ஆகியவற்றை வரிசையாக வைத்திருக்கும் சிறிய கோப்பு அது. ஓடைப் படிப்பான் என்ற செயலியில் நமக்கு வேண்டிய தளங்களை ஒருமுறை சேர்த்துவிட்டால் போதும். புதியது வந்ததும் அதுவே கொண்டு வந்து தரும். முன்னே எது, பின்னே எது என்று முதலாளி தீர்மானிப்பதில்லை. வந்தது வந்தபடி வரும்.

இது 1999-ல் பிறந்தது. 2000-ல் இதன் ஒரு வடிவத்தை வகுத்தவர்களில் ஆரன் ஸ்வார்ட்ஸ் என்ற 14 வயதுச் சிறுவனும் ஒருவன். 2004-ல் தொடங்கிய ‘தமிழ்மணம்’ இந்த ஓடைகளைக் கொண்டே தமிழ் வலைப்பதிவுகளை ஓரிடத்தில் திரட்டியது. கூகுள் கம்பெனியும் ஒரு படிப்பானை நடத்தி, உலகெங்கும் வாசகரைச் சேர்த்துக்கொண்டு, 2013 ஜூலை 1-ல் இழுத்து மூடியது. ஆனால் ஓடை சாகவில்லை. ஏன்? அது எவருடைய தனிச் சொத்துமல்ல. கடையை மூடலாம், பொதுப் பாதையை மூட முடியுமா?

2024 டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் தென்பெண்ணையில் திறக்கப்பட்டது. கரையோர மக்கள் உறங்கும் நேரம் அது. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ எச்சரிக்கைகளும் ஓடையாகக் கிடைக்கின்றன. ஓடை ஒன்றே உயிரைக் காத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. தண்டோரா போட வேண்டிய சர்க்காரின் கடமையும் தீர்ந்துவிடாது. ஆனால் அறிந்தவர் ஒருவர் இருந்தால் தெருவையே எழுப்பலாம்.

குறைகளும் உண்டு. எல்லாத் தளங்களும் ஓடை தருவதில்லை. சில தலைப்பை மட்டும் தந்து நிறுத்திக்கொள்கின்றன. ஓடையில் வந்ததெல்லாம் உண்மையும் அல்ல. யாருடைய எழுத்தைச் சேர்ப்பது என்பதில் நமது புத்தி வேலை செய்தாக வேண்டும்.

செலவு? கணினியில் ‘தண்டர்பேர்டு’, ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ‘ஃபீடர்’ போன்றவை இலவசம். டேட்டா செலவும் சொற்பமே.

தோழர்களே! ஒருவர் பத்திரிகை படிக்க, பத்துப் பேர் சுற்றி நின்று கேட்ட டீக்கடைகள் நம்முடையவை. அந்த வழக்கத்தை இன்று புதுப்பிப்போம். ஆரணி அரிசி ஆலையாகட்டும், தண்டராம்பட்டுக் கிராமமாகட்டும், ஓர் இளைஞர் இதைக் கற்றுக்கொள்ளட்டும். தொழிற்சட்டம், கூலி, நிலம், வானிலை குறித்த ஓடைகளைத் திரட்டி மாலையில் உரக்கப் படிக்கட்டும். எதைப் படிப்பது என்று உழைப்பவரே தீர்மானிக்கட்டும். மதகின் சாவி நம் கைக்கு வரட்டும்!