ஸ்டெப்னி கதை

எனக்கு நன்றாகப் பேச வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் குற்றவாளி யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, அதனால் சொல்கிறேன். கல்லூரியில் பட்டிமன்றம், சிம்போசியம் என்று மைக்கைக் கண்டால் விடாத ஆள். அப்புறம் பன்னிரண்டு வருடமாக மென்பொருள் வேலை. கிளையன்ட் வருகிறார் என்றால் ஸ்லைடு போட என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நான்கு வருடம் முன்னால் நான் கொடுத்த ஒரு பிரசன்டேஷனை அங்கே வேலை பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. எங்காவது பார்த்தால், "பாஸ், அந்த ஸ்டெப்னி கதை இருக்கே, செம" என்கிறார்கள். 'மனதில் நிற்கும் பிரசன்டேஷன் கொடுப்பது எப்படி' என்று ஹோட்டல் ஏசி ஹாலில் இரண்டு நாள் வகுப்பு எடுக்கும் பயிற்சியாளர்கள் எதை வெற்றி என்று சொல்வார்களோ, அது எனக்கு முழுசாகக் கிடைத்தது. என் புகாரே அந்த வெற்றியின் மேல்தான்.

நடந்தது இது. சரக்கு லாரிகளின் கணக்கை வைத்திருக்கும் ஒரு சிஸ்டத்தை எங்கள் டீம் பார்த்துக்கொண்டிருந்தது. தினமும் ராத்திரி பேக்கப் ஓடும். காலையில் எல்லோருக்கும் பச்சை டிக் போட்ட மெயில் வரும். அதைப் பார்த்துவிட்டு டீ குடிக்கப் போவோம். அந்த பேக்கப்பை எடுத்து வேறொரு மெஷினில் ரீஸ்டோர் செய்து, உள்ளே டேட்டா இருக்கிறதா என்று யாரும் பார்த்ததில்லை. பார்த்ததில்லை என்பதைக் கவனித்தவர் ஒரே ஒருவர். எங்கள் டேட்டாபேஸ் அட்மின். விருதுநகர்ப் பக்கம், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். டீமில் எல்லோருக்கும் அவர் அக்கா.

மாதாந்திர ரிவ்யூவில் அக்கா ஒரு எக்செல் ஷீட்டைத் திரையில் போட்டார். படம் இல்லை, கலர் இல்லை. மூன்று விஷயம் சொன்னார். பதினாலு மாசமா பேக்கப் ஓடுது. ஒருதடவைகூட ரீஸ்டோர் பண்ணிப் பார்க்கல. டேபிள் ரெண்டு மடங்காகியும் பேக்கப் ஃபைலோட சைஸ் அஞ்சு மாசமா அப்படியே நிக்குது. இதைத் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொன்னார். மேனேஜர் போனைப் பார்த்துக்கொண்டே "பாயிண்ட் நோட்டட்" என்றார். அடுத்த ஐட்டத்துக்குப் போய்விட்டோம். போய்விட்டோம் என்று நான் எழுதுவதில் நானும் உண்டு. எனக்கு அந்த மூன்றாவது வரி புரிந்தது. டேட்டா வளரும்போது பேக்கப் வளரவில்லை என்றால் எங்கோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம். புரிந்தும் சும்மா இருந்தேன்.

அந்த வருட அப்ரைசலில் அக்காவுக்கு எழுதப்பட்டது: டெக்னிக்கலாக ஸ்ட்ராங், ஆனால் கம்யூனிகேஷன் போதாது, ஆடியன்ஸை என்கேஜ் செய்வதில்லை. அவரைப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். பேக்கப் விஷயத்தைக் காலாண்டுக் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். "கன்டென்ட் அவங்க தருவாங்க, நீங்க டெலிவர் பண்ணுங்க." வாழ்க்கையில் நான் கேட்ட மிக அசிங்கமான வேலைப் பிரிவினைகளில் இது ஒன்று என்று இப்போது தோன்றுகிறது. அப்போது காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

ஸ்டெப்னி கதையைச் சொன்னேன். அப்பாவின் மாருதி 800, குற்றாலம் போகிற வழி, ராத்திரி ராஜபாளையம் தாண்டி பஞ்சர். டிக்கியைத் திறந்தால் ஸ்டெப்னி இருக்கிறது, ஆனால் அதிலும் காற்று இல்லை. அம்மா அப்பாவைப் பார்த்த பார்வையை நடித்துக் காட்டினேன். 'ஸ்டெப்னி இருக்கிறது என்பது வேறு, அதில் காத்து இருக்கிறது என்பது வேறு' என்று முடித்தேன். ஸ்லைடில் ஒரே ஒரு கறுப்பு டயர் படம். அறுபது பேர் சிரித்துக் கைதட்டினார்கள். அக்கா கடைசி வரிசையில் இருந்தார். அவர் கொடுத்த எண்கள் எதையும் நான் போடவில்லை. ஒரு ஸ்லைடுக்கு ஒரு கருத்து, எண்களைக் கொட்டாதே, உணர்ச்சியைத் தொடு என்று படித்திருந்தேன். ஃபைல் சைஸ் வரியை ஃப்ளோ கெடுகிறது என்று வெட்டினேன். ஆதாரம் என்று இருந்தது அது ஒன்றுதான்.

ஐந்து மாதம் கழித்து ஸ்டோரேஜ் போனது. பேக்கப்பை எடுத்தோம். முக்கியமான டேபிளில் பத்து மாத டேட்டா இல்லை. கிளையன்ட் ஆட்களும் எங்கள் ஜூனியர்களும் மூன்று வாரம் உட்கார்ந்து டெலிவரி சலான்களைப் பார்த்து ஒவ்வொன்றாக டைப் அடித்தார்கள். அன்றைக்கு நைட் ஷிஃப்டில் இருந்த பையன் மேல் பழி விழுந்தது. அவனை ப்ராஜெக்டிலிருந்து எடுத்து பெஞ்சில் போட்டார்கள்; இரண்டு மாதத்தில் பேப்பர் போட்டுவிட்டுப் போனான். காரணம் அலசும் கூட்டத்தில் மேனேஜர் என்னைக் காட்டி, கிண்டலே இல்லாமல் சொன்னார்: "இவர் அன்னைக்கே சொன்னார், ஸ்டெப்னியில காத்து இருக்கான்னு பாருங்கன்னு." அறுபது பேருக்கும் ஸ்டெப்னி ஞாபகம் இருந்தது. ஒருவர்கூட ரீஸ்டோர் செய்து பார்க்கவில்லை.

ஏன் பார்க்கவில்லை என்று ரொம்ப நாள் யோசித்தேன். நான் அவர்களைத் திருப்திப்படுத்திவிட்டேன் என்பதே காரணம். நன்றாகச் சிரித்தவனுக்கு, விஷயத்தைக் கேட்டாகிவிட்டது என்ற நிறைவு வந்துவிடுகிறது. அக்காவின் எக்செல் ஷீட் உறுத்தலாக இருந்தது, என் கதை இதமாக இருந்தது. உறுத்தலை எடுத்துவிட்டு இதத்தை வைப்பதற்குத்தான் எனக்கு அவார்டு கொடுத்தார்கள். கேடயம் வீட்டில் இருக்கிறது.

இந்தப் பயிற்சித் தொழிலைக் கொஞ்சம் பார்ப்போம். பெரும்பாலான வகுப்புகளில் முதல் மணி நேரத்திலேயே ஒரு கணக்கு வரும்: தகவல்தொடர்பில் சொற்களுக்கு 7 சதவீதம்தான் பங்கு, குரலுக்கு 38, உடல்மொழிக்கு 55. இதைக் கேட்டுத் தலையாட்டாதவர்கள் ஐடியில் குறைவு. ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-இல் செய்த இரண்டு ஆய்வுகளிலிருந்து வந்த எண்கள் இவை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் சொல்லவைத்து, முகங்களின் புகைப்படங்களைக் காட்டி, பேசுகிறவருக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா இல்லையா என்று ஊகிக்கச் சொன்ன ஆய்வுகள். உணர்வையும் விருப்பு வெறுப்பையும் பற்றிய பேச்சைத் தவிர வேறெதற்கும் இது பொருந்தாது என்று அவரே எழுதியிருக்கிறார். யோசித்துப் பாருங்கள், சொல்லுக்கு 7 சதவீதம்தான் என்றால் ஜப்பானிய மொழியில் பேசுகிறவர் சொல்வதில் 93 சதவீதம் நமக்குப் புரிந்திருக்க வேண்டும். இருந்தும் இந்தக் கணக்கு சாகாது. ஏனென்றால் ஆங்கிலம் சரளமாக வருகிற, ஹாலில் நடந்து நடந்து பேசத் தெரிந்த என் போன்றவர்களுக்கு இது ரொம்ப வசதி. அக்கா போன்றவர்களின் உழைப்பை 7 சதவீதத்துக்குள் அடைத்துவிடலாம்.

சரி, மோசமான ஸ்லைடு ஆளைக் கொல்லாதா என்று கேட்பீர்கள். கொல்லும். 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்ணோடம் கிளம்பிய 82-ஆவது வினாடியில், எரிபொருள் தொட்டியிலிருந்து பிய்ந்த நுரைத்துண்டு ஒன்று இடது இறக்கையில் அடித்தது. ஓடம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே போயிங் பொறியாளர்கள் பாதிப்பைக் கணித்து நாசாவுக்கு ஸ்லைடுகளாகக் கொடுத்தார்கள். எட்வர்ட் டஃப்டி அதில் ஒரு ஸ்லைடைப் பிரித்து மேய்ந்திருக்கிறார். தலைப்பு, பயப்பட ஒன்றுமில்லை என்பது போன்ற தொனியில் இருக்கும். அதற்குக் கீழே புள்ளி, புள்ளிக்குள் புள்ளி. ஆகக் கடைசி வரியில்தான் விஷயம்: சோதனையில் பயன்படுத்திய துண்டு 3 கன அங்குலம், நிஜத்தில் அடித்தது 1920 கன அங்குலம். 640 மடங்கு. அதாவது கையில் இருந்த சோதனை முடிவு எதுவும் இதற்குச் செல்லாது. அந்த வரி அங்கேயே கிடந்தது. பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும்போது ஓடம் சிதறி, கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தார்கள். விசாரணைக் குழு தன் அறிக்கையில் டஃப்டியின் அலசலைச் சேர்த்துக்கொண்டு, தொழில்நுட்ப அறிக்கை இருக்க வேண்டிய இடத்தில் பவர்பாயிண்ட் உட்கார்ந்திருப்பதைக் கண்டித்தது.

பயிற்சியாளர்கள் இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'அதனால்தான் ஸ்லைடில் எழுத்தைக் குறையுங்கள்' என்பார்கள். குறைத்திருந்தால் முதலில் போயிருப்பது எந்த வரி? கடைசி வரிதான். நான் வெட்டியதும் அதைத்தான். அந்த ஸ்லைடுக்குத் தேவைப்பட்டது கதையோ படமோ கிடையாது. 'எங்களிடம் இருக்கும் சோதனையை வைத்து இந்த அடியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது' என்று எழுவாய் பயனிலையோடு ஒரு முழு வாக்கியம்.

அதைவிட எனக்கு முக்கியமானது பதினேழு வருடம் முந்தைய சேலஞ்சர். 1985 ஜூலையிலேயே ரோஜர் போய்ஜொலி என்ற பொறியாளர், பூஸ்டரின் இணைப்பை அடைக்கும் ஓ-ரிங்குகளைச் சரிசெய்யாவிட்டால் உயிர்ப்பலி நடக்கும் என்று தன் மேலதிகாரிக்கு மெமோ எழுதினார். 1986 ஜனவரி 27 இரவு தொலைபேசிக் கூட்டத்தில் அவரும் சக பொறியாளர்களும், 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஏவாதீர்கள் என்று வாதாடினார்கள். நாசா முகம் சுளித்தது. கம்பெனியின் நிர்வாகிகள் தனியாகக் கூடினார்கள். பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு மேனேஜர் தொப்பியைப் போடு என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னார். திரும்பி வந்து சம்மதம் சொன்னார்கள். மறுநாள் ஏழு பேர் செத்தார்கள்.

பிற்பாடு இதே டஃப்டி, அந்தப் பொறியாளர்கள் சார்ட்டைச் சரியாக வரைந்திருந்தால் ஆபத்து கண்ணில் பட்டிருக்கும் என்று எழுதினார். எங்கள் வாதத்தையே அவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்று போய்ஜொலியும் வேறு மூவரும் மறுப்பு எழுதினார்கள். நான் போய்ஜொலி பக்கம். கொலம்பியா ஸ்லைடுக்கு டஃப்டியை மெச்சிய நான் இங்கே அவரோடு சண்டை போடுவேன். ஏவாதே என்று அன்றிரவு தெளிவாகத்தான் சொன்னார்கள். கேட்டவர்களுக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததைக் கேளாமல் விட்டவனை விட்டுவிட்டு, சொன்னவனின் சார்ட் அழகாக இல்லை என்பது எங்கள் அப்ரைசல் படிவத்தின் பாஷை.

சேலஞ்சர் என்றால் எல்லோருக்கும் ஞாபகம் வருவது ரிச்சர்ட் ஃபெய்ன்மன். விசாரணைக் குழுவில் அவர் ஒரு உறுப்பினர். பிப்ரவரி 11 அன்று டிவி கேமராக்கள் முன்னால் ஓ-ரிங் ரப்பர்த்துண்டைச் சின்ன க்ளாம்பில் இறுக்கி, ஐஸ் தண்ணீர் டம்ளரில் போட்டு எடுத்தார். ரப்பர் பழைய வடிவத்துக்கு உடனே திரும்பவில்லை. பிரசன்டேஷன் என்றால் இதுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவர் ஸ்டெப்னி கதை சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓ-ரிங் மாதிரி ஒன்றைக் காட்டவில்லை, ஓ-ரிங்கையே காட்டினார். நானும் அறுபது பேர் முன்னால் லேப்டாப்பில் அந்த பேக்கப்பை ரீஸ்டோர் போட்டிருக்கலாம். அரை மணி நேரம் எல்லோரும் சலிப்போடு உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் சிவப்பு எழுத்தில் எரர் வந்திருக்கும். கைதட்டல் இருந்திருக்காது.

இந்தக் கதையில் பயிற்சியாளர்கள் சொல்லாத பாதி ஒன்று உண்டு. ஓ-ரிங்கும் குளிரும் பற்றிய யோசனையை ஃபெய்ன்மனுக்குக் கொடுத்தவர் குழுவில் இருந்த ஜெனரல் குட்டினா. குட்டினாவிடம் அந்தத் தகவல் தாளைச் சத்தமில்லாமல் கொடுத்தவர் சாலி ரைடு. அவரும் குழு உறுப்பினர், நாசாவின் விண்வெளி வீராங்கனை. 2012-இல் ரைடு இறந்த பிறகுதான் குட்டினா இதை வெளியே சொன்னார். விஷயம் தெரிந்தவர் வாயைத் திறக்க முடியாத இடத்தில், பேச்சு வல்லவர் டம்ளரோடு மேடை ஏறுகிறார். இதைப் படித்த அன்று எனக்குக் கடைசி வரிசை ஞாபகம் வந்தது.

திருக்குறளை ஸ்லைடில் போடாத தமிழ்ப் பயிற்சியாளர் இல்லை. எடுப்பது எப்போதும் சொல்வன்மை, 65-ஆவது அதிகாரம். அது அமைச்சனுக்குச் சொன்னது. அதற்கு வெகு முன்னால், அரசனுக்குச் சொல்லும் பகுதியில், 42-ஆவதாகக் கேள்வி என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. பேசுவது அமைச்சன் கடமை, கேட்பது அரசன் கடமை. மேனேஜர்களுக்குக் கேட்கப் பழக்கும் இரண்டு நாள் வகுப்புக்கு எங்கள் ஆபீஸில் யாரையும் அனுப்பி நான் பார்த்ததில்லை. 2004-இல் ஜெஃப் பெஸோஸ் அமேசானின் மேல்மட்டக் கூட்டங்களில் பவர்பாயிண்டை நிறுத்தினார். ஆறு பக்கத்துக்கு மிகாமல் உரைநடையில் எழுதிக்கொண்டு வர வேண்டும், கூட்டம் தொடங்கியதும் எல்லோரும் வாயை மூடிக்கொண்டு அதைப் படிக்க வேண்டும். அவர் மேல் எனக்கு வேறு ஆயிரம் கோபம் உண்டு. ஆனால் பாதி வேலையைக் கேட்கிறவர் தலையில் போட்ட முறை இது. குரல் நடுங்குகிறவரும் எழுதலாம்.

அக்கா அந்தக் கம்பெனியை விட்டுப் போய் மூன்று வருடமாகிறது. மதுரையில் ஒரு சின்ன நிறுவனத்தில் இருக்கிறார். நான் அங்கேயேதான் இருக்கிறேன், வேறு டீமில். இதை எழுதுவதற்கு முன்னால் போன் செய்து, உங்களைப் பற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "பேரு போடாம எழுதிக்கப்பா" என்றார். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். எப்போதும் சரளமாக வருவது அன்றைக்கு வரவில்லை. அவரே பேச்சை மாற்றினார்.

"இப்பவாச்சும் மாசாமாசம் ரீஸ்டோர் பண்ணிப் பாக்குறாங்களா?"

தெரியலைக்கா என்றேன். மறுநாள் பழைய டீமில் ஒருவரைப் பிடித்து லாகைத் திறக்கச் சொன்னேன். சம்பவத்துக்குப் பிறகு ஐந்து மாதம் ஒழுங்காக ஓடியிருக்கிறது. அதற்கப்புறம் எதுவும் இல்லை. பச்சை டிக் மெயில் மட்டும் தினமும் வருகிறதாம்.