ஒரு கோப்பு போதும், நண்பர்களே!

ஜனவரி பிறந்தால் ஆசிரியர் வாட்ஸ்அப் குழுக்களில் வருமான வரி எக்செல் கோப்புகள் வரிசை கட்டும். '32 பிட்டுக்கு', '64 பிட்டுக்கு', 'திருத்தியது', 'இறுதி', 'இறுதி 2'. இலவசமாக உழைத்துத் தருபவர்களை மதிக்கிறேன். ஆனால் இந்த நகல் பழக்கத்தை எதிர்க்கிறேன். வரி விகிதம் மாறினால் ஒரு நகலில் திருத்துவார்கள், இன்னொன்றில் விட்டுப்போகும். அது யார் கையில் சிக்குகிறதோ, அவருக்குப் பிப்ரவரி சம்பளத்தில் தப்பான பிடித்தம்.

நகல் ஏன் வந்தது? ஆபீஸ் 2010-இல்தான் 64 பிட் பதிப்பும் விபிஏ7-உம் வந்தன. மேக்ரோவில் விண்டோஸின் உதவியைக் கேட்கும் டிக்ளேர் வரியில் 'பிட்ர்சேஃப்' என்ற சொல் இல்லாவிட்டால் 64 பிட் எக்செல் ஏற்காது. அந்தச் சொல்லே 2007 எக்செலுக்குத் தெரியாது. உடனே கோப்பை இரண்டாக்கிவிட்டார்கள்.

தேவையே இல்லை. விபிஏ, பேசிக் வழிவந்த மொழி. அதில் இதற்கென்றே வழி உண்டு. '#இஃப் விபிஏ7 தென்', அதன்கீழ் புதிய டிக்ளேர். '#எல்ஸ்', அதன்கீழ் பழையது. கடைசியில் '#எண்ட் இஃப்'. ஐந்தே வரி! விபிஏ7 என்பதை நாம் அறிவிக்க வேண்டியதில்லை, எக்செலுக்கே தெரியும். கம்பைல் ஆகும்போதே பொருந்தாத பகுதி விலக்கப்பட்டுவிடும். பழைய எக்செலில் புதிய வரி சிவப்பாகத் தெரியும், பயப்படாதீர்கள், ஓடும். நினைவக முகவரியோ ஹேண்டிலோ வரும் இடங்களில் மட்டும் 'லாங்' என்பதை 'லாங்பிட்ர்' ஆக்க மறக்காதீர்கள்.

"சாதாரண இஃப் போதாதா சார்?" என்பார்கள். போதாது. அது நிரல் ஓடும்போது முடிவெடுப்பது. ஓடுவதற்கு முன்பே பழைய எக்செல் பிட்ர்சேஃபில் முட்டி நின்றுவிடும். தவிர, டிக்ளேர் இருப்பது மாட்யூலின் தலைப்பகுதியில். அங்கே சாதாரண இஃப் எழுதவே முடியாது.

அதற்காக எல்லாவற்றுக்கும் ஹாஷ் போடாதீர்கள். பழைய வரி முறையா, புதிய முறையா என்பது அந்தந்த ஆசிரியரின் தேர்வு. அதற்குச் சாதாரண இஃப்தான். கணினிக்குக் கணினி மாறுவது #இஃப், ஆளுக்கு ஆள் மாறுவது இஃப். இவ்வளவுதான் பாடம்.

எங்கள் உடையார்பாளையம் பக்கத்து நெசவாளர், பார்டர் மாறினால் அட்டையை மாற்றுவார். அதற்காக இன்னொரு தறி போடமாட்டார். படித்த நாம் மட்டும் ஏன் தறி தறியாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்?

கோப்பு தயாரிக்கும் தம்பி தங்கைகளே, வரும் ஜனவரியில் ஒரே கோப்பைப் போடுங்கள். மேக்ரோவைக் கடவுச்சொல்லால் பூட்டாதீர்கள். பிழை இருந்தால் அடுத்தவர் திருத்தட்டும்.