வடை தீர்ந்தால் செட் கிடையாது

கெமிஸ்ட்ரியில் பாதிப் பேரைக் கவிழ்ப்பது 'மோல்' கணக்கு. உண்மையில் மோல் என்பது டஜனுக்குப் பெரியண்ணன், அவ்வளவுதான். ஒரு டஜன் என்றால் 12. ஒரு மோல் என்றால் சுமாராக 6 போட்டு 23 பூஜ்யம். அத்தனை அணுவை யார் உட்கார்ந்து எண்ணுவது? அதனால் எடை போட்டு எண்ணுகிறார்கள். கார்பன் 12 கிராம், தண்ணீர் 18 கிராம், ஆக்ஸிஜன் வாயு 32 கிராம். ஒவ்வொன்றும் ஒரு மோல்.

இந்த எண்ணுக்கு அவகாட்ரோ பெயர். மனிதர் சட்டம் படித்தவர்! 1856-ல் காலமானார். எண்ணுக்கு அவர் பெயரை 1909-ல்தான் வைத்தார்கள். ஆகவே பி.காம். படித்த நானும் இதில் மூக்கை நுழைக்கலாம்.

மாடி வீட்டு ப்ளஸ் ஒன் பையன் ஒருநாள் நோட்டோடு வந்தான்.

"ஃபார்முலா எல்லாம் மனப்பாடம் அண்ணா. கணக்குதான் வரலை."

"எங்கே உதைக்குது?"

"கொடுத்த கிராமை அப்படியே ஈக்வேஷன்ல போட்டேன்."

எல்லாரும் வழுக்கி விழுகிற இடம் அதுதான். ஈக்வேஷனில் முன்னால் நிற்கும் எண்கள் கிராம் இல்லை, மோல். டாலரையும் ரூபாயையும் ஒரே பத்தியில் எழுதிக் கூட்டினால் ஆடிட்டர் சும்மா விடுவாரா? முதலில் கிராமை மோலாக்கு. மோலில் கணக்குப் போடு. வந்த விடையைத் திரும்பக் கிராமாக்கு. மூன்றே படி.

சமையல் காஸையே எடுத்துக்கொள்வோம். அதில் ப்யூட்டேனும் புரொபேனும் கலந்திருக்கும். புரொபேன் 1 மோல் எரிய ஆக்ஸிஜன் 5 மோல் வேண்டும். கிடைப்பது கார்பன் டை ஆக்ஸைடு 3 மோல், தண்ணீர் 4 மோல். கிராமில் பார்த்தால் இந்தப் பக்கம் 44-ம் 160-ம் சேர்ந்து 204. அந்தப் பக்கம் 132-ம் 72-ம் சேர்ந்து 204. பாலன்ஸ் ஷீட் டாலி! இதே கணக்கில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று எரிந்து தீர, காற்றிலிருந்து 50 கிலோவுக்கு மேல் ஆக்ஸிஜனை வாங்கிக்கொள்கிறது.

"அப்ப லிமிட்டிங் ரீஏஜன்ட்டுன்னா?"

"ஓட்டல்ல ஒரு செட்டுன்னா ரெண்டு இட்லி, ஒரு வடை. இருபது இட்லி, ஏழு வடை இருக்கு. எத்தனை செட் போடலாம்?"

"ஏழு. ஆறு இட்லி மிச்சம்."

"எது முதல்ல தீர்ந்துதோ அதான் லிமிட்டிங் ரீஏஜன்ட். இங்கே வடை."

பையன் சிரித்துக்கொண்டே போய்விட்டான். ஆனால் இது பரீட்சையோடு முடிகிற கணக்கு இல்லை. சின்ன பாத்ரூம். கதவு, ஜன்னல் எல்லாம் மூடியாச்சு. உள்ளே காஸ் கீசர் எரிகிறது. இப்போது வடை எது தெரியுமா? ஆக்ஸிஜன். 5 மோல் தேவைப்படுகிற இடத்தில் குறைந்துகொண்டே வந்தால், கார்பன் டை ஆக்ஸைடோடு கார்பன் மோனாக்ஸைடும் வர ஆரம்பிக்கும். மூன்றரை மோல்தான் கிடைத்தது என்றால், 3 மோல் கார்பன் மோனாக்ஸைடு, 4 மோல் தண்ணீர் என்று எழுதிப் பாருங்கள், அந்தக் கணக்கும் டாலியாகும். அதற்கு வாசனை இல்லை, நிறம் இல்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். லேசாகத் தலைவலி, கிறுகிறுப்பு. குளித்த களைப்பு என்று நினைப்பதற்குள் ஆளைச் சாய்த்துவிடும். குளிக்கப் போனவர்கள் திரும்பாத செய்தி குளிர்காலத்தில் பேப்பரில் வருவது இதனால்தான்.

எனவே காஸ் கீசரை பாத்ரூமுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவாருங்கள். ஏற்கெனவே உள்ளே மாட்டியிருந்தால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு இடம் மாற்றுங்கள். அதுவரை பக்கெட்டில் வெந்நீர் பிடித்து, கீசரை அணைத்து, கதவைத் திறந்து காற்றை விட்ட பிறகு குளிக்கப் போங்கள். பரீட்சையில் தப்பினால் அடுத்த வருஷம் எழுதிக்கொள்ளலாம்.