பெயர் ஒன்று போதாது

(பத்தாம் வகுப்பு மாணவி)

'மால்வேசி, சொலனேசி, யூபோர்பியேசி' என்று மேல்நிலை வகுப்பு அக்காமார் தேர்வுக் காலத்தில் மரத்தடியில் நடந்துகொண்டே மனப்பாடம் செய்வதைக் கேட்டிருப்பீர்கள். நமக்கு அது ஏதோ விளங்காத மந்திரம் போலத் தோன்றும். ஆனால் மால்வேசி என்பது யார்? நம் கோவையை ஆலை நகரமாக்கிய பருத்தியும், சமையலறைக்கு வரும் வெண்டைக்காயும், மாதா கெபியின் முன் பூக்கும் செம்பருத்தியும் சேர்ந்த ஒரு குடும்பம்! சொலனேசியோ கத்தரியும் தக்காளியும் மிளகாயும் புகையிலையும் அடங்கிய குடும்பம். உறவினர் அனைவரும் நம் வீட்டிலும் தோட்டத்திலும் இருக்க, குடும்பப் பெயரை மட்டும் மதிப்பெண்ணுக்காக உருப்போடுவது விந்தையல்லவா?

தொடக்கநூலில் ஆதாம் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் பெயரிட்டதாக வாசிக்கிறோம். மரஞ்செடிகளுக்குப் பெயரிட்டதாக அங்கே சொல்லப்படவில்லை. அந்த வேலை மனிதகுலத்துக்கு மிச்சம் வைக்கப்பட்டது போலும்! சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1753-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் ஒவ்வொரு தாவரத்துக்கும் இரு சொற்களால் ஆன இலத்தீன் பெயரை வழங்கினார். 1789-இல் பிரான்சு நாட்டு ஜுஸ்ஸியு தாவரங்களைக் குடும்பங்களாக வகுத்து நூல் எழுதினார். அன்று தொடங்கிய கணக்கெடுப்பு இன்னும் முடியவில்லை. மரபணுக்களை ஒப்பிட்டு 2016-இல் வெளியிடப்பட்ட பட்டியலின்படி பூக்கும் தாவரங்கள் 416 குடும்பங்களாகும்.

இந்தப் பெரும்பணியில் நம் ஊருக்கும் பங்குண்டு. லாலி ரோட்டில் வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் 'பொட்டானிக்கல் சர்வே ஆப் இந்தியா'வின் தென்மண்டல நிலையம் 1955 முதல் இயங்கி வருகிறது. சென்னையில் தொடங்கிக் கோவைக்கு வந்து சேர்ந்த பழைய மதராஸ் ஹெர்பேரியம் அங்கேதான் உள்ளது. செடியைப் பூவோடும் இலையோடும் அழுத்தி உலர்த்தி, தடித்த தாளில் ஒட்டி, எங்கே, எப்போது, யாரால் பறிக்கப்பட்டது என்று சீட்டு எழுதி, குடும்பவாரியாக அடுக்கி வைக்கும் இடமே ஹெர்பேரியம். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள் அங்கே பாதுகாக்கப்படுகின்றன. கேம்பிள் என்பவர் தொடங்கி, அவர் மறைவுக்குப் பின் பிஷர் முடித்த மதராஸ் மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினா ஹெர்பேரியத்தை நிறுவிய இயேசு சபைத் தந்தை மேத்யூ அவர்கள், தமிழகத்துத் தாவரங்களைப் பற்றிய பெருநூலை 1981 முதல் தொகுதி தொகுதியாக வெளியிட்டார்.

'நமக்குத் தமிழ்ப் பெயர் இருக்க இலத்தீன் பெயர் எதற்கு?' என்று சிலர் கேட்பர். அவர்களுக்கு நம் அஞ்சறைப் பெட்டியே விடை கூறும். சீரகமும் பெருஞ்சீரகமும் கொத்தமல்லிக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கருஞ்சீரகமோ முற்றிலும் வேறு குடும்பம். காட்டுச்சீரகம் சூரியகாந்தியின் உறவு. பெயர் ஒன்றாக இருப்பதால் குணமும் ஒன்றென்று மருந்தில் மாற்றிச் சேர்த்தால் என்ன ஆகும்? அதுபோலவே நிலவேம்பு வேம்பின் தங்கையன்று. அது ஆடாதோடைக் குடும்பம். கசப்பினால் வந்த பெயர் அது.

இன்னொன்றும் உண்டு. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 மலர்களை அடுக்கிச் சொல்கிறார். உலக இலக்கியத்தில் இத்தகைய மலர்ப் பட்டியல் அரிது என்று நாம் பெருமை கொள்கிறோம். ஆனால் அவற்றுள் சில மலர்கள் இன்றைய எந்தச் செடியின் பூக்கள் என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேற்றுமை இருக்கிறது. பெயர் நிலைத்தது, பெயருக்குரிய செடி நழுவிவிட்டது. செடியோடு சேர்த்துக் கட்டப்படாத பெயருக்கு நேரும் கதி இதுதான்.

அப்படியானால் இலத்தீன் பெயர் மட்டும் போதுமா? போதாது என்பதே என் கருத்து. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடுகளைப் பாருங்கள். கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல்லும், இடையிடையே வெள்வேல் மரங்களும் நிற்கும். காங்கேயம் மாடுகளையும் செம்மறிகளையும் காப்பாற்றும் மேய்ச்சல் நிலம் அது. அந்த வெள்வேலும் நம் கருவேலும் நெடுங்காலம் 'அக்கேசியா' என்ற பேரினத்தில் இருந்தன. அந்தப் பெயருக்கு மூல மாதிரியாக விளங்கியதே கருவேல்தான். பின்னர் அப்பேரினத்தைப் பிரிக்க வேண்டி வந்தபோது, ஆயிரம் அளவிலான ஆஸ்திரேலிய மரங்களுக்கே பழைய பெயர் இருக்கட்டும் என்று 2005-இல் வியன்னா மாநாட்டில் முடிவாகி, 2011-இல் மெல்போர்ன் மாநாட்டில் உறுதியாயிற்று. நம் மரங்கள் 'வச்செல்லியா' ஆயின. தேக்கு மரமும் மரபணு ஆராய்ச்சியினால் துளசிக் குடும்பத்துக்கு மாற்றப்பட்டது.

ஆராய்ச்சி வளரும்போது கணக்கு திருத்தப்படுவது இயல்பே. அதைக் குறை கூறக் கூடாது. ஆனால் மாநாடுகளில் எம்முடிவு எடுத்தாலும் பட்டியில் ஆடு ஓட்டும் பெரியவருக்கு வெள்வேல் வெள்வேல்தான். அதன் காய் ஆட்டுக்குத் தீனி, மரம் வெயிலில் நிழல், கிளுவை நட்டால் உயிர்வேலி என்ற அனுபவமெல்லாம் அந்தத் தமிழ்ப் பெயரோடு ஒட்டி வருகிறது. அந்தப் பெயர் போனால் அந்த அறிவும் உடன் போகும்.

நம் முன்னோருக்கு வகைப்படுத்தத் தெரியாது என்று எண்ணிவிடலாகாது. வெளியே வைரம் உடையது புல், உள்ளே வைரம் உடையது மரம் என்று தொல்காப்பியம் பிரிக்கிறது. அதன்படி பனையும் மூங்கிலும் மரமல்ல, புல்! தாவரவியலார் இவற்றை ஒருவித்திலைத் தாவரங்களோடு சேர்ப்பதும் இதற்கு ஒத்தே இருக்கிறது. நெல்லிக்கும் கீழாநெல்லிக்கும் ஒரே பெயர் சூட்டியவர்கள் ஆய்வுக்கூடம் கண்டவர்களல்லர். ஆயினும் இரண்டும் ஒரே குடும்பம் என்றே இன்றைய அறிவியலும் கூறுகிறது.

தோழியரே, இது ஆண்களுக்கும் வெளிநாட்டாருக்கும் உரிய வேலை என்று யாரேனும் நினைத்தால் ஜானகி அம்மாளை நினைவூட்டுங்கள். 1897-இல் தலைச்சேரியில் பிறந்து, சென்னை இராணி மேரிக் கல்லூரியில் பயின்று, 1931-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் அவர். நம் கோவைக் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணிபுரிந்தபோது கரும்பையும் மக்காச்சோளத்தையும் இணைத்துக் கலப்பினம் உண்டாக்கி 1938-இல் அதை வெளியிட்டார். இரண்டும் புல் குடும்பம் என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். குடும்பம் அறிதல் வெறும் பட்டியல் வேலையன்று. புதுப் பயிருக்கு வழிகாட்டும் வேலை என்பதற்கு இதுவே சான்று. பின்னாளில் நேருவின் அழைப்பை ஏற்று, பொட்டானிக்கல் சர்வேயைச் சீரமைக்கும் பொறுப்பையும் அவர் வகித்தார்.

நாம் என்ன செய்யலாம்? முதலாவது, பள்ளி வளாகத்தில் உள்ள ஒவ்வொரு மரத்திலும் தமிழ்ப் பெயர், அறிவியல் பெயர், குடும்பம் மூன்றும் எழுதிய பலகை தொங்கட்டும். ஆணி அடிக்க வேண்டாம். கயிற்றில் கட்டினால் போதும். இரண்டாவது, விடுமுறையில் ஊருக்குப் போகும் ஒவ்வொருவரும் அப்பத்தாவிடமோ அம்மிச்சியிடமோ வேலியோரத்துச் செடிகள் பத்தின் பெயரையும் பயனையும் கேட்டு எழுதி வருவோம். ஒவ்வொன்றிலும் ஒரு கிளையைச் செய்தித்தாளுக்குள் அழுத்தி உலர்த்தி, ஊரும் தேதியும் குறிப்போம். அறிவியல் பெயரை ஆசிரியையின் துணைகொண்டு சேர்ப்போம். சில ஆண்டுகளில் நம் பள்ளிக்கே ஒரு சிறு ஹெர்பேரியம் உருவாகிவிடும்.

ஹெர்பேரியங்களில் இருப்பவர்கள் செடியைக் காப்பார்கள். ஆனால் கொங்குக் கிராமத்து மூதாட்டி சொல்லும் பெயரை, அவர் இருக்கும்போதே கேட்டு எழுதாவிட்டால், எந்த ஆராய்ச்சியாலும் பின்னர் மீட்க இயலாது. அறிவியல் பெயர் செடியை உலகத்துக்கு அறிமுகம் செய்கிறது. தாய்மொழிப் பெயர் அதை நம்மோடு உறவாக்குகிறது. இரண்டையும் ஒரே சீட்டில் எழுதி வைப்பது பத்தாம் வகுப்பு மாணவியரான நம்மாலும் இயலும். வரும் விடுமுறையிலேயே தொடங்குவோமா?